எதை விடுவது என்று யார் சொல்வது?

(மட்டக்களப்பில், மென்பொருள் துறை மாணவர்களுக்கும் இளம் பணியாளர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறீர்கள். வேறு சிலர் படித்து முடித்து, ஊரை விட்டுப் போகாமலே கொழும்பிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கிற கம்பனிகளுக்கு வேலை செய்கிறீர்கள். நிரல் எழுதுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நிரல் எழுத உட்காருவதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, எதைச் செய்யாமலே விடுவது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வைத்திருக்கும் பட்டியலைத்தான் உங்கள் தொழிலில் புரொடக்ட் பக்லொக் என்கிறார்கள். முதல் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிற குழுக்களே அதிகம். மூன்றாவதுதான் கடினம். என் பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

சிறுபோக ஆரம்பக் கூட்டம் ஒன்றுக்கு நீங்கள் போனதுண்டா? போகாதவர்கள் உங்கள் அப்பாவையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கள். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி என்று ஒவ்வொரு குளத்துக்கும் போகம் தொடங்குமுன் கூட்டம் வைக்கிறார்கள். மாவட்டச் செயலாளர் அல்லது பிரதேச செயலாளர் தலைமை வகிப்பார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருவார், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தார் வருவார்கள், விவசாய அமைப்புகளின் ஆட்கள் வருவார்கள், வட்டை விதானைமார் வருவார்கள். பெரும்போகத்துக்கு மழை இருக்கிறது. சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கிற தண்ணீர்தான். ஆகவே குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும் என்ற கணக்கு முதலில் மேசைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் வாய்த்தர்க்கம். எந்த வயற்கண்டத்துக்குத் தண்ணீர், எந்தக் கண்டத்துக்கு இல்லை, முதல் தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது, விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது, எத்தனை மாத நெல் போடுவது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது, கடைசித் தண்ணீர் எப்போது. சத்தம் போடுவார்கள், கோபித்துக்கொண்டு எழும்பிப் போகிறவர்களும் உண்டு. ஆனாலும் கூட்டம் முடியும்போது முடிவு எழுத்தில் இருக்கும். தண்ணீர் கிடைக்காத கண்டத்துக்காரருக்கு அது முகத்துக்கு நேரே சொல்லப்பட்டிருக்கும். அவர் கூலிக்குப் போவதா, மேட்டுப்பயிர் செய்வதா என்று அன்றைக்கே யோசிக்கத் தொடங்கலாம்.

இந்தக் கூட்டத்தில் குறைகள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நல்ல வேலைப்பட்டியலுக்கு வேண்டியவை எல்லாம் இதற்குள் இருக்கின்றன. இருப்பு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிகிறது, முடிவைச் சொல்ல ஒருவர் இருக்கிறார், இல்லை என்ற பதில் வெளிப்படையாக வருகிறது. உங்கள் குழுவின் குளம், ஐந்தாறு பேர் இரண்டு கிழமையில் வேலை செய்யக்கூடிய மணித்தியாலங்கள். அந்த அளவைக் கேட்காமலே ஏக்கர் எழுதிக்கொண்டு போகிற கம்பனிகள் எத்தனை!

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், பாடப்புத்தகத்தில் உங்களுக்கு அது இருக்கிறது. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் ஸ்க்ரம் என்ற முறையை 1995இல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற மலையிடத்தில் 17 பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள். ஸ்க்ரம் வழிகாட்டி 2010இல் முதலில் வந்தது, 2020இல் கடைசியாகத் திருத்தப்பட்டது. அதில் எனக்கு முக்கியமாகப் படுகிற வரையறைகள் இரண்டு. ஒன்று, பட்டியலுக்குப் பொறுப்பானவர் ஒரே ஒரு ஆள். அவரைப் புரொடக்ட் ஓனர் என்கிறார்கள். குழு ஒன்று அந்த இடத்தில் உட்கார முடியாது. பட்டியலில் மாற்றம் வேண்டும் என்கிறவர் அவரிடம் போய் நியாயம் சொல்லி அவரை இணங்க வைக்க வேண்டும். இரண்டாவது, 2020இல் சேர்ந்தது: பட்டியல் முழுவதற்கும் மேலே ஓர் இலக்கு இருக்க வேண்டும். எந்த இலக்கோடும் ஒட்டாத வேலை பட்டியலுக்குள் எப்படி வந்தது என்று கேட்கிற உரிமையை அந்த ஒரு வரி உங்களுக்குத் தருகிறது.

இனி ஒரு கணக்கு. ஜோன் லிட்டில் என்ற அறிஞர் 1961இல் நிரூபித்த விதி இது, வங்கி வரிசைக்கும் பொருந்தும், ஆஸ்பத்திரி வரிசைக்கும் பொருந்தும். வரிசையில் நிற்கிறவர்களின் எண்ணிக்கையை, ஒரு காலத்துக்குள் முடிந்து வெளியேறுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், சராசரியாக ஒருவர் காத்திருக்கும் காலம் வரும். உங்கள் பட்டியலில் 300 வேலைகள் கிடக்கின்றன என்று வையுங்கள். ஸ்பிரின்ட் என்ற வேலைச் சுற்று இரண்டு கிழமைக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் 10 வேலை முடிகிறது. அப்படியென்றால் இன்றைக்கு அடியில் சேருகிற ஒரு வேலை 30 ஸ்பிரின்ட் காத்திருக்க வேண்டும். 60 கிழமை, ஒரு வருஷத்துக்கு மேல். அதுவும் இடையில் எதுவும் மேலே நுழையாவிட்டால்! எந்த நிறுவனத்தில் இடையில் நுழையாமல் இருக்கிறது? ஆகவே 300 வரிப் பட்டியலின் அடியில் ஒருவருடைய கோரிக்கையைச் சேர்த்துவிட்டு, "பதிந்துவிட்டோம் ஐயா, கட்டாயம் பார்ப்போம்" என்று சொல்வது அவரை ஏமாற்றுவதாகும். செய்ய மாட்டோம் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் வேறு வழி பார்த்திருப்பார்.

இதனால்தான் சொல்கிறேன், ஆறு மாதமாக ஒருவரும் தொடாத வேலையை அழித்துவிடுங்கள். "பிறகு தேவைப்பட்டால்?" என்று கேட்பீர்கள். உண்மையில் தேவையானது திரும்பி வரும். வருகிறபோது கூடுதல் விபரத்தோடு வரும். ஜிரா போன்ற பட்டியல் மென்பொருளில் பழைய டிக்கெட் கிடப்பதால் ஒரு செலவும் இல்லை என்று நினைப்பதும் தவறு. ஒவ்வொரு முறை திட்டமிட உட்காரும்போதும் அதை ஒருவர் வாசிக்கிறார், இன்னொருவர் அது என்ன என்று கேட்கிறார், மூன்றாமவர் அது யார் சொன்னது என்று தேடுகிறார். அந்த நேரத்தில் மேலே இருக்கும் பத்து வேலைகளை ஒழுங்காக விளங்கிக்கொண்டிருக்கலாம்.

மேலே இருக்கும் வேலைகள் விளங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். நம் நாட்டு உதாரணம், இந்தக் கரையோடு சம்பந்தப்பட்டதும்கூட.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். நாவலடி, டச்பார், கல்லடி, திருச்செந்தூர் என்று நான் பெயர் சொல்லத் தேவையில்லை, இந்த மண்டபத்தில் இருக்கிற எத்தனையோ குடும்பங்கள் அன்றைக்கு ஆளை இழந்தவை. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பள்ளிக்கூடங்கள் முகாம்களாகின. யார் எங்கே இருக்கிறார்கள், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்பதற்கு ஒரே இடத்தில் கணக்கு இல்லை. அந்த நாட்களில் இலங்கையின் மென்பொருள் துறையில் வேலை செய்த தொண்டர்கள் ஒன்றுகூடி, லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் ஒருங்கிணைப்பில் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். இலவசமாக, திறந்த மூலமாக. பிறகு 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை, சமூக நலனுக்கான தன் 2006ஆம் ஆண்டு விருதை அதற்குக் கொடுத்தது.

அவர்கள் தெரிந்தெடுத்தவற்றைப் பாருங்கள். காணாமற்போனோர் பதிவேடு, நிறுவனங்களின் பதிவேடு, முகாம் பதிவேடு, தேவைகளைக் கேட்டுப் பெறும் பகுதி. ஒரு பேரழிவில் மென்பொருள் செய்யக்கூடியவை நூறு இருக்கும். அடிப்படை இந்த நான்குதான். யார், எங்கே, என்ன தேவை, யார் கொடுப்பது. வேலைப்பட்டியலின் தலை எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அவசரம் தணிந்த பிறகு, சுவீடன் அரசின் சீடா நிறுவனத்தின் உதவியோடு, எந்த நாட்டிலும் எந்தப் பேரழிவிலும் பயன்படும்படி அதை அடியிலிருந்து திரும்ப எழுதினார்கள். முதல் கிழமையிலேயே "எல்லா நாட்டுக்கும் பொருந்த வேண்டும்" என்று எழுத உட்கார்ந்திருந்தால் முகாமில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. வேண்டிய நேரத்தில் வேண்டியதைச் செய்து, பொதுமையாக்குவதைப் பிறகு ஒரு தனி வேலையாக, அதற்கென்று பணமும் ஆளும் தேடிச் செய்திருக்கிறார்கள்.

இப்போது அந்தக் காணாமற்போனோர் பதிவேட்டிலிருந்து ஒரு வேலையை நம் பயிற்சிக்காக எடுப்போம். சஹானாவில் இப்படி எழுதியிருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை, உங்கள் பட்டியலில் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறோம். "பெயர் தேடலை மேம்படுத்தல்." மூன்று சொல். பெரும்பாலான டிக்கெட்டுகள் இப்படித்தான் வருகின்றன. இதை வைத்து ஒருவர் இரண்டு நாளில் முடிப்பார், இன்னொருவர் இரண்டு மாதம் எடுப்பார். இரண்டு பேரும் சரியாகச் செய்ததாக நினைப்பார்கள்.

யார் தேடுகிறார்? ஒரு தாய் என்பீர்கள். தாய் முகாமில் நிற்கிறார். கணினியின் முன்னால் இருப்பவர் ஒரு தொண்டர். அவர் தமிழ் தெரியாதவராகவும் இருக்கலாம். தாய் மகனின் பெயரைச் சொல்கிறார், தொண்டர் அதை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார். ஞானசேகரம் என்ற பெயரை ஒருவர் "ஜி"யில் தொடங்கி எழுதுவார், ஒருவர் "என்"னில் தொடங்கி எழுதுவார். ஒரே ஒலியுள்ள பெயர்களைச் சேர்த்துக் காட்ட சவுண்டெக்ஸ் என்ற முறை இருக்கிறது, 1918இல் காப்புரிமை பெற்றது. ஆனால் அது ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்யப்பட்டது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே நம் ஞானசேகரம் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார். அடுத்தது, படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பனின் பெயர் முன்னால் நிற்கும். ஒருவர் அதை முதற்பெயர்க் கட்டத்தில் போடுவார், இன்னொருவர் மாற்றிப் போடுவார். காத்தான்குடியில் ஒருவரைத் தேடும்போது "முகம்மது" என்று அடித்தால் பட்டியல் முடியவே முடியாது.

இதெல்லாம் பேசிப் பார்த்த பிறகு அந்த வேலை மூன்றாக உடைகிறது. ஊரையும் வயதையும் வைத்துத் தேடுவது ஒன்று. பெயரின் ஒலியைத் தமிழ் முறைப்படி ஒப்பிட்டுத் தேடுவது இரண்டாவது. படத்தை வைத்துத் தேடுவது மூன்றாவது. நானென்றால் ஊரும் வயதும்தான் முதலில் என்பேன். ஒரு நாள் வேலை. நாவலடி, ஆண், 9 வயது என்று போட்டால் வருகிற சில பெயர்களைத் தொண்டர் வாசித்துக் காட்டலாம், தாய் கேட்டுச் சொல்வார். எழுத்துக்கூட்டல் பிரச்சினை பாதி அங்கேயே தீர்ந்துவிடும். முடிந்ததா இல்லையா என்பதைச் சோதிப்பதும் இலகு. ரோன் ஜெஃப்ரிஸ் என்பவர் 2001இல் எழுதினார், ஒரு பயனர் கதைக்கு மூன்று பகுதி உண்டு என்று: அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல். நம் குழுக்கள் அட்டையை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகின்றன. நாம் இப்போது செய்தது அந்த உரையாடல். இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2017 பதிப்பு குழுவின் நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகாது என்று ஓர் அளவு சொன்னது, 2020இல் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். இரண்டு கிழமைக்கு அரை நாள், அதையும் இரண்டாகப் பிரித்து, என்பது என் கருத்து. மேலே இருக்கும் இரண்டு ஸ்பிரின்டுக்கான வேலையை மட்டும் இப்படி விரித்துப் பேசினால் போதும். அடியில் கிடப்பதை விரித்து எழுதுவது வீண், அதன் முறை வருமுன் உலகம் மாறியிருக்கும்.

வரிசையைப் பற்றி. எது முக்கியம் என்று கேட்டால் எல்லோரும் தங்களுடையதுதான் என்பார்கள். டொன் ரைனர்ட்சன் என்பவர் வேறு கேள்வி கேட்கச் சொல்கிறார்: இதைத் தாமதித்தால் என்ன நட்டம்? இந்த மாவட்டத்துக்கு அந்தக் கேள்வி நன்றாகப் பொருந்துகிறது, இங்கே எல்லாவற்றுக்கும் பருவம் உண்டு. உர மானியத்துக்கு விண்ணப்பிக்கும் செயலி ஒன்றைச் செய்கிறீர்கள் என்று வையுங்கள். பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில். விண்ணப்பப் பகுதி செப்டம்பரில் ஓடவில்லை என்றால் அடுத்த வருஷம் வரைக்கும் அதனால் படுவான்கரையில் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை. அறிக்கைகளை அழகான வரைபடமாகக் காட்டும் பகுதி டிசம்பரில் வந்தாலும் ஒன்றும் குறையாது. ஆனால் அதிகாரிகள் பார்க்கப்போவது வரைபடத்தை. ஆகவே அதற்கு வற்புறுத்தல் கூட இருக்கும். வற்புறுத்தலும் நட்டமும் ஒன்றல்ல. புரொடக்ட் ஓனர் என்ற ஒரு ஆளை வைத்ததே இதைப் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான். பிழை திருத்தங்களையும் பழைய நிரலைச் சீராக்கும் வேலையையும்கூட இதே பட்டியலில், இதே கேள்வியோடு வையுங்கள். பொறியியலாளர்கள் தங்களுக்குள் இரகசியமாக இரண்டாவது பட்டியல் வைத்திருக்கும் இடத்தில் முதல் பட்டியல் பொய்யாகிவிடும்.

தூரத்திலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் புரொடக்ட் ஓனர் லண்டனில் இருக்கிறார். அவருக்குக் காலை 9 மணியாகும்போது இங்கே பின்னேரம் ஆகிவிடுகிறது. உங்களுக்கு வந்து சேருவது டிக்கெட் மட்டும். "இந்தப் பொத்தானை இங்கே மாற்று." மாற்றிவிடுகிறீர்கள். யாருக்காக, எதற்காக என்று தெரியாது, கேட்பதற்கும் கூச்சம். கேட்டால் விளங்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். தம்பி, தங்கச்சி, அந்தப் பயத்தை விடுங்கள். காரணம் தெரிந்தவர்தான் "இதைவிட எளிதான வழி இருக்கிறது" என்று சொல்ல முடியும். காரணம் தெரியாதவர் தட்டச்சு செய்கிறவர். ஒவ்வொரு டிக்கெட்டிலும் காரணத்துக்கு ஒரு வரி இல்லாவிட்டால் அதை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று குழுவாகச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. வேலையின் அளவை மதிப்பிடும் பொறுப்பை ஸ்க்ரம் வழிகாட்டி அதைச் செய்கிறவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. எதற்கென்று தெரியாத வேலைக்கு அளவு சொல்ல முடியாது.

இனி என் மனதில் நெடுநாளாக இருப்பதைச் சொல்கிறேன். பொதுமக்களுக்கான செயலிகளில், மும்மொழியிலும் இருக்கும் என்று திட்டத்தில் எழுதியிருக்கும். பட்டியலைத் திறந்தால் "தமிழ்த் திரைகள்" என்று ஒரே ஒரு டிக்கெட், அடியில். ஆங்கிலம் முடியட்டும், சிங்களம் முடியட்டும், பிறகு பார்ப்போம். அந்தப் பிறகு வருவதற்குள் பணம் முடிந்துவிடும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆட்சிமொழி பட்டியலின் அடியில் கிடக்கிறது. எல்லா இடத்திலும் கெட்ட எண்ணத்தால் நடப்பதென்று நான் நினைக்கவில்லை. தனி டிக்கெட்டாகப் போட்டதால் நடக்கிறது. தனி வேலை என்றால் அது மற்ற வேலைகளோடு போட்டியிட வேண்டும், தோற்கும்.

ஸ்க்ரமில் "முடிந்தது" என்பதற்கு ஒரு வரையறை எழுதி வைக்கிறார்கள். ஒவ்வொரு வேலையும் அந்த வரையறையைத் தாண்டினால்தான் முடிந்ததாகக் கணக்கு. தமிழ் அங்கேதான் இருக்க வேண்டும். ஒரு திரை தமிழில் சரியாகத் தெரியவில்லை என்றால் அந்தத் திரை முடியவில்லை. அப்போது அதைப் பின்னுக்குத் தள்ள வழியே இல்லை. அடியில் கிடக்கும் அந்த ஒரு டிக்கெட்டுக்குள் எத்தனை வேலை மறைந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் வெளியே வரும். நம் அலுவலகங்களில் இன்றைக்கும் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் குவிந்திருக்கின்றன. அதிலிருந்து ஒரு பெயரை எடுத்து யூனிகோட் செயலிக்குள் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்துக்கென்று அளந்த பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படும். கொழும்பில் பட்டியல் எழுதுகிறவருக்கும் மெல்பேர்னில் எழுதுகிறவருக்கும் இது தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆளில்லை.

ஆகவே வருகிற திங்கட்கிழமை வேலை தொடங்கியதும் உங்கள் குழுவின் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆறு மாதம் தாண்டியவற்றை எடுத்து, கேட்டவருக்கு ஒரு வரி எழுதி மூடிவிடுங்கள். மேலே இருக்கும் பத்துக்கும் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். பொதுமக்களுக்கான வேலை செய்கிறவர்கள், தமிழ் எந்த வரியில் கிடக்கிறது என்று தேடிப் பார்த்து, அந்த டிக்கெட்டை அங்கிருந்து எடுத்து "முடிந்தது" என்பதன் வரையறைக்குள் சேர்க்கச் சொல்லி உங்கள் புரொடக்ட் ஓனருக்கு அன்றைக்கே கடிதம் எழுதுங்கள்.